சாவி இல்லாத கதவைத் திறப்பதற்கு முன்னால்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம், சுருக்கமாக:

"வணக்கம் அண்ணே. எனக்கு 33 வயது, சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுப் பட்டறையில் 40 வருஷம் வேலை பார்த்தவர். பத்து வயதிலேயே எனக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மனைவியின் வேலைக்காக எச்-4 விசாவில் இங்கே வந்தேன். இப்போது வேலை செய்வதற்கான அனுமதி அட்டையும் கைக்கு வந்துவிட்டது. எங்கள் அபார்ட்மென்டில் யாராவது சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நாலைந்து பேருக்குத் திறந்து கொடுத்தேன். 40 டாலர் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். இதற்கு லைசென்ஸ் வேண்டும், மாட்டினால் பெரிய சிக்கல் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஹார்டுவேர் கடையில் மிஷினை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் வேண்டாமா? பரீட்சை ஏதாவது உண்டா? கல்லூரியில் படிக்கும்போது ஓர் அடிதடி வழக்கில் என் பெயரையும் சேர்த்தார்கள், பிறகு கோர்ட்டில் விடுதலை ஆனேன். அதைச் சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா? சொந்தமாகக் கம்பெனி தொடங்கலாமா, யாரிடமாவது சேருவது நல்லதா?"

அன்புள்ள தம்பிக்கு,

மற்றதெல்லாம் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். கதவு திறந்து கொடுப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது உண்மை. கலிஃபோர்னியாவில் உரிமம் இல்லாமல் பூட்டுத் தொழில் செய்வது குற்றம். 10,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை கவுன்டி சிறை, அல்லது இரண்டும் சேர்ந்து என்று சட்டத்தில் இருக்கிறது. நாலு கதவு திறந்தவரை உடனே சிறையில் போட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசாவில் இருக்கும் ஒருவருக்குச் சின்னக் குற்றப் பதிவு ஏற்பட்டாலும் அதன் பாரம் வேறு. குடியுரிமை உள்ளவர் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம். நீங்கள் அப்படிப் போக முடியாது.

'அக்கம்பக்கத்தாருக்கு உதவிதானே, இதையா தொழில் என்பார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். இந்த மாநிலத்தின் தொழில் சட்டத்தில் 6980-ஆம் பிரிவு பூட்டுத் தொழிலாளி யார் என்று வரையறுக்கிறது. எந்த வகையான பிரதிபலனுக்காகவும் பூட்டைத் திறப்பது, பொருத்துவது, பழுது பார்ப்பது, வேறு சாவிக்கு மாற்றி அமைப்பது, புதிதாகச் சாவி உண்டாக்குவது என்று இவற்றைத் தொழிலாகச் செய்பவர்தான் பூட்டுத் தொழிலாளி. முதன்மைத் தொழிலாக இருந்தாலும் சரி, பக்கத் தொழிலாக இருந்தாலும் சரி. 40 டாலர் வாங்கிக்கொண்டு ஐந்தாவது கதவைத் திறந்தபோது நீங்கள் அந்த வரையறைக்குள் வந்துவிட்டீர்கள்.

இப்போது ஹார்டுவேர் கடைக்கு வருவோம். உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்தச் சட்டம் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்பது இதில்தான் தெரியும்.

சாவியை நகல் எடுப்பதை மட்டும் செய்கிற கடைக்கு உரிமம் வேண்டாம் என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடைக்கு வருகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. அந்தக் கதவை அவர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். கடைக்காரர் இன்னொன்று வெட்டிக் கொடுப்பதால் அவருக்குப் புதிதாக எந்தக் கதவும் திறந்துவிடவில்லை. உங்களைக் கூப்பிடுகிறவர் கையில் சாவி இல்லை. இல்லாத சாவியை உண்டாக்குகிறீர்கள், அல்லது சாவியே இல்லாமல் திறந்து விடுகிறீர்கள். ஒரு நிமிடம் முன்புவரை ஒருவரால் நுழைய முடியாமல் இருந்த வீட்டுக்குள் உங்களால் அவர் நுழைகிறார். அது அவருடைய வீடுதானா என்பதற்கு அந்த நேரத்தில் உங்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கள்ளச்சாவி. பித்தளையும் அதேதான், பற்களும் அதேதான். வீட்டுக்காரர் கேட்டுச் செய்தால் மாற்றுச் சாவி, வேறொருவர் கேட்டுச் செய்தால் கள்ளச்சாவி. உங்கள் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு பூட்டுக்குச் செய்த சாவி அதை வாங்கியவரைத் தவிர வேறு யாரிடமும் போகக் கூடாது என்பதில் பட்டறைக்காரர்கள் கறாராக இருப்பார்கள். இங்கே அதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

விலக்கு உள்ள கடைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அரசுக் கட்டடங்களின் சாவியை உரிய அனுமதி இல்லாமல் நகல் எடுத்தால், எடுக்கிறவர் யாராக இருந்தாலும், இந்த மாநிலத்துக் குற்றச் சட்டத்தின் 469-ஆம் பிரிவின்படி குற்றம். பழுதான காரை இழுத்துப் போகும் டோ டிரக்காரர் கார் கதவு திறந்து கொடுத்தால் அவருக்கும் விலக்கு உண்டு. ஆனால் கதவு திறப்பதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும், சாவி செய்யக் கூடாது.

பரீட்சை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிடையாது. கலிஃபோர்னியாவில் இந்த உரிமத்தைக் கொடுப்பது பாதுகாப்பு மற்றும் புலனாய்வுச் சேவைகள் பணியகம். பி.எஸ்.ஐ.எஸ். என்று சொல்வார்கள். அவர்கள் உங்கள் கைகளில் பார்ப்பது ரேகையை மட்டும்தான், வேலைத்திறனை அல்ல. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். லைவ் ஸ்கேன் என்ற முறையில் கைரேகை எடுத்து, மாநில நீதித் துறையும் எஃப்.பி.ஐ.யும் பின்னணியைச் சரிபார்க்கும். சொந்தக் கடை என்றால் கம்பெனி உரிமம், இன்னொருவரிடம் வேலை என்றால் ஊழியர் பதிவு. இரண்டுக்குமே இதுதான் வழி.

ஒரு பூட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காதவருக்கும் இந்த உரிமம் கிடைத்துவிடும் என்பது எனக்கு மனக்குறைதான். வட கரோலினாவில் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது, அங்கே தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க முடியும். நெவாடாவில் கவுன்டி ஷெரிஃபிடம், அதாவது நம் ஊர் மாவட்டக் காவல் தலைவர் போன்றவரிடம், அனுமதி வாங்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் உரிமம் கிடையாது, ஆனால் நியூயார்க் நகரத்துக்குள் வேலை செய்ய நகராட்சியின் உரிமம் வேண்டும். நாடு முழுமைக்குமான ஓர் உரிமம் இல்லவே இல்லை. நாளைக்கு மனைவிக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும். இங்கே வாங்கியதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

உரிமத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டுக் கதவோ கடைக் கதவோ காரோ, இன்னொருவருக்காகத் திறந்து கொடுத்தாலும் சரி, இருக்கும் சாவியைப் பார்த்து வெட்டாமல் புதிதாகச் சாவி செய்து கொடுத்தாலும் சரி, ஒர்க் ஆர்டர் எழுத வேண்டும். கேட்டவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் அல்லது அடையாள அட்டை எண், அவருடைய கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதியை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு உயிர் இந்தத் தாளில்தான் இருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் உரிம அட்டை நீங்கள் யார் என்று மட்டும்தான் சொல்லும். யாருக்காக, எந்தக் கதவை, எப்போது திறந்தீர்கள் என்று இந்தத் தாள்தான் சொல்லும்.

நான் ஒரு பூட்டுக் கடையில் ஊழியராக இருந்த இரண்டாவது வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் கூப்பிட்டார். போனேன். மரியாதையாகப் பேசினார். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார், அதே முகவரிதான். வாசலில் கிடந்த குழந்தை சைக்கிளை ஓரமாக நகர்த்தி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, மூன்று நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கடைக்குப் போலீஸ் வந்தது. அந்த வீட்டுப் பக்கமே அவர் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. மனைவியும் குழந்தைகளும் அந்த நேரத்தில் வெளியே போயிருந்தார்கள். அவர்கள் வந்தபோது அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அடிதடி நடக்கவில்லை. அந்த அம்மா குழந்தைகளை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் சட்டப்படி எல்லாமே சரியாகத்தான் செய்திருந்தேன். எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொல்லி நுழைந்தார் என்பதை அவருடைய கையெழுத்தோடு அந்தத் தாள் போலீஸுக்குக் காட்டியது. அதற்குப் பிறகு அவரால் எதையும் மறுத்துப் பேச முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கே போய் அந்த வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் மாற்றிக் கொடுத்தபோது அந்த அம்மாவின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: "இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு ஒரு போன் போடலாமா?" சட்டம் இதைக் கேட்கச் சொல்லவில்லை. உண்மையான வீட்டுக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிலர் நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்கள். கோபப்பட்ட இரண்டு பேருக்கு நான் கதவு திறக்கவில்லை.

உங்கள் அபார்ட்மென்டில் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. தெரிந்தவரிடம் அடையாள அட்டை கேட்கக் கூச்சமாக இருக்கும். அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும்? நம் ஆட்கள் சண்டையை வெளியில் சொல்லமாட்டார்கள். கணவன் கதவைப் பூட்டிக்கொண்டு மனைவியை வெளியே நிறுத்திய வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அடையாள அட்டை உள்ளே மாட்டிக்கொண்டது என்று சொன்னால் குடியிருப்பின் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். திறந்தவுடன் நீங்கள் வாசலில் நிற்கும்போதே அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

வீட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்தும் உங்களுக்கு அழைப்பு வரும். "வாடகைக்காரர் பணம் கொடுக்கவில்லை, பூட்டை மாற்றிக் கொடு" என்பார்கள். வீடு அவருடையதுதான், பத்திரமும் காட்டுவார். மாற்றாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல், காலி செய்ய வைப்பதற்காகப் பூட்டை மாற்றுவது கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம். அப்படி வெளியே நிறுத்தப்பட்ட வாடகைக்காரருக்கு நாள் ஒன்றுக்கு 100 டாலர் வரை சொந்தக்காரர் கொடுக்க வேண்டிவரும். நீதிமன்ற உத்தரவோடு ஷெரிஃப் ஆள் வந்து நிற்கும்போதுதான் அந்த வேலையைச் செய்யலாம். இதற்கு நேர் எதிரான ஒரு சட்டமும் இருக்கிறது. நம் பெண்கள் பலருக்கு அது தெரியாது. குடும்ப வன்முறைக்கு ஆளான வாடகைதாரர் நீதிமன்ற உத்தரவையோ போலீஸ் அறிக்கையையோ காட்டி எழுத்தில் கேட்டால், சொந்தக்காரர் 24 மணி நேரத்துக்குள் பூட்டை மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் வாடகைதாரரே மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு அழைப்பு வந்தால் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் அந்தப் பழைய வழக்கு. மறைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தண்டனையில் முடியாத கைதைக் காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாச் சட்டம் சொல்கிறது. 2020 ஜூலை முதல் விதிகள் இன்னும் தளர்ந்திருக்கின்றன. தண்டனையே பெற்றிருந்தாலும், கடுமையான சில குற்றங்கள் தவிர, ஏழு வருஷத்துக்கு முந்தையதைப் பொதுவாகக் கணக்கில் எடுக்க முடியாது. நீங்களோ விடுதலையே ஆனவர். ஆனால் குடியேற்ற விண்ணப்பங்கள் வேறு. எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று அங்கே நேரடியாகவே கேட்பார்கள். விடுதலை ஆனேன் என்பதற்காக 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஊரிலிருந்து வரவழைத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசா தொடர்பானதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

கம்பெனியா, வேலையா? எச்-4 அனுமதி அட்டை இருந்தால் சொந்தத் தொழிலும் செய்யலாம். ஆனாலும் முதலில் உரிமம் உள்ள ஒரு கடையில் ஊழியராகப் பதிவு செய்துகொண்டு சேருங்கள். இதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, நீங்கள் கற்ற பூட்டும் இங்கே உள்ள பூட்டும் ஒன்றல்ல. திண்டுக்கல் பூட்டின் உள்ளே லீவர்கள் என்னும் தகடுகள். சாவி சுற்றும்போது ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டின் தாழ் நகரும். இங்கே வீட்டுக் கதவுகளில் இருப்பது பின் (pin) சிலிண்டர், உள்ளே சின்ன உலோகக் குச்சிகள் வரிசையாக நிற்கும் உருளை. லைனஸ் யேல் என்பவர் 1860-களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு. பின்களையும் சுருள்வில்லையும் வைத்தே எல்லாம் நடக்கிறது. நீங்கள் நாலைந்து கதவு திறந்தது அந்த அபார்ட்மென்டில் மலிவான பூட்டுகள் போட்டிருப்பதால். உயர் பாதுகாப்புப் பூட்டு வந்தால் திணறுவீர்கள். கார்ச் சாவி என்றால் அது இப்போது பாதி எலக்ட்ரானிக்ஸ். அதற்கான குறியீடுகளைக் கார் கம்பெனிகளிடமிருந்து வாங்க நாஸ்டஃப் என்ற அமைப்பின் தனிப் பதிவு வேண்டும், அங்கேயும் பின்னணிச் சோதனை உண்டு. ஆனால் ஒரு நல்ல செய்தி. இங்கே வங்கிகளில் உள்ள பாதுகாப்புப் பெட்டக லாக்கர்களின் பூட்டு இன்றைக்கும் லீவர் பூட்டுதான். வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்து லீவர்களைத் தூக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்பா கற்றுக்கொடுத்த கை அங்கே உங்களுக்குச் சோறு போடும்.

இரண்டாவது காரணம் பெரிய வேலைகள். ஓர் அலுவலகம் முழுக்கப் பூட்டு மாற்றச் சொன்னால் பொருளும் கூலியும் சேர்ந்து 1,000 டாலரைத் தாண்டிவிடும். அப்போது பி.எஸ்.ஐ.எஸ். உரிமம் மட்டும் போதாது. கான்ட்ராக்டர் உரிம வாரியத்தின் சி-28 என்ற உரிமமும் வேண்டும். 2024 முடியும்வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. சி-28-க்குத் தேர்வு உண்டு, நாலு வருஷ அனுபவமும் காட்ட வேண்டும், 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரமும் கொடுக்க வேண்டும். அந்த நாலு வருஷத்தை ஒரு நல்ல கடையில் கழித்தால், வெளியே வரும்போது அனுபவத்துக்குச் சான்று தர ஓர் ஆள் இருப்பார். இடையில் அலோவா எனப்படும் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுங்கள். அரசு கேட்கவில்லை என்றாலும் நம் திறமைக்கு நாமே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ள அது உதவும்.

கடையைப் பார்த்துச் சேருங்கள். கதவு திறக்க 19 டாலர் என்று இணையத்தில் விளம்பரம் செய்துவிட்டு, நேரில் போய் நல்ல பூட்டைத் துளை போட்டு நாசமாக்கிப் பல நூறு டாலர் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். நுகர்வோரைக் காக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.டி.சி. பல முறை எச்சரித்தும் இது நிற்கவில்லை. 2025 மார்ச்சில் கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தில் போலிக் கடைகளைப் பதிந்தவர்கள் மேல் வழக்குப் போட்டது. அந்த விசாரணை தொடங்கியதே டெக்சாஸில் ஒரு பூட்டுக் கடையின் பெயரில் வேறொருவர் போலியாகப் பதிந்திருக்கிறார் என்ற புகாரில்தான். இப்படிப்பட்டவர்கள் புதிதாக ஊருக்கு வந்தவர்களைத்தான் தேடுவார்கள், வேலை வாங்கவும் ஏமாற்றவும். கலிஃபோர்னியாவில் விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்து, பெயரும் முகவரியும் பொருந்தினால் மட்டும் போய்ப் பேசுங்கள்.

உங்கள் கையில் இப்போது என்ன கருவி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பூட்டுத் திறக்கும் கம்பிகளை வைத்திருப்பது இங்கே குற்றமில்லை, திருடும் நோக்கத்தோடு வைத்திருந்தால்தான் குற்றம். ஆனால் அந்த நோக்கத்தை இரவு 11 மணிக்கு ஒரு காவலர் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். பதிவு அட்டை வரும்வரை அவற்றைக் காரில் எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். நண்பர்களுக்குத் தபாலிலும் அனுப்பாதீர்கள். உண்மையான பூட்டுத் தொழிலாளி போன்ற சிலருக்கு மட்டும்தான் அவற்றை அமெரிக்கத் தபாலில் அனுப்பலாம் என்று மத்திய சட்டம் இருக்கிறது. அபார்ட்மென்டின் தபால் பெட்டி வரிசையில் தபால்காரர் திறக்கிற பெரிய பூட்டு தபால் துறைக்குச் சொந்தம். யார் கெஞ்சினாலும் அதைத் தொடாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி யாராவது கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். உரிமம் உள்ள பக்கத்துக் கடைகள் இரண்டு மூன்றின் எண்ணை இப்போதே பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுங்கள், கடைக்காரர் வரும்வரை அவர்களோடு நின்று பேசிக்கொண்டிருங்கள். அவர் எப்படிக் கேட்கிறார், எதை எழுதிக்கொள்கிறார் என்று பாருங்கள். அவரிடமே வேலையும் கேட்கலாம். எனக்கு முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது.

இன்னொன்று, இது என் சொந்த ஆசை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே என் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டு ஒன்றை நான் இதுவரை கழற்றிப் பார்த்ததில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனால் அப்பா கையால் செய்தது ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வாருங்கள். லீவர்களை அவர் என்ன வரிசையில் அடுக்குவார், அரத்தை எங்கே நிறுத்துவார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்